இறால் தொழிலுக்கு ஒரு பிணை

பெண்களுக்குத் தொழில் தொடங்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நான் சொந்தமாக ஒரு தொழிலும் தொடங்கியதில்லை. பயிற்சிக்கு வந்த பெண்களில் ஒருவர்கூட அதை என்னிடம் கேட்டதில்லை என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாரத்தில் இரண்டு நாள் நாவற்குடாவிலிருந்து ஸ்கூட்டியில் புறப்படுவேன். காத்தான்குடி நெரிசலைக் கடந்து, மண்முனைப் பாலத்தில் ஏறி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போவேன். ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் சுருட்டிய பிறவுண் பேப்பரும், ஒரு பையில் பேனைகளும் மஞ்சள் அட்டைகளும் இருக்கும். பயிற்சி மூன்று நாள். முதல் நாள் தொழில் யோசனை. இரண்டாம் நாள் வரவு செலவு. மூன்றாம் நாள் நிதி பெறும் வழிகள். எல்லாக் கிராமத்துக்கும் இதே ஒழுங்குதான்.

முதல் நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுத்து, மனதில் உள்ள தொழிலை எழுதச் சொல்வேன். கோழி வளர்ப்பு, தையல், வீட்டுத்தோட்டம், மிக்ஸ்சர் பக்கெட் என்று எழுதுவார்கள். எங்களிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். என்னை ஏமாற்ற வேண்டுமென்று அப்படி எழுதுவதில்லை. எனக்குக் கரைச்சல் கொடுக்காமல் உதவி செய்கிறார்கள், அவ்வளவுதான்.

கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட, ஆற்றோரத்தில் உள்ள ஒரு கிராமத்தின் பல்நோக்கு மண்டபத்தில் அந்த அக்காவை முதலில் கண்டேன். வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம். நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில், எழும்பிப் போகத் தோதாக உட்கார்ந்திருந்தார். இறால் முள் கீறிய பழைய தழும்புகள் விரல் நுனி எல்லாம் இருந்தன. அவருடைய அட்டையில் இரண்டு சொற்கள்தான்: வெள்ளிக்கிழமை இறால்.

நான் அதைச் சத்தமாக வாசித்தபோது மற்றப் பெண்கள் சிரித்தார்கள். என்னவென்று விளக்கும்படி கேட்டேன். அவர் எழும்பாமலே சொன்னார்.

"மிஸ், வெள்ளிக்கிழமை எங்கட கரையில இறாலுக்கு விலையே இல்ல. தமிழாக்கள் அண்டைக்கு மீன் தின்னமாட்டாங்க. வாங்க வாற ஏவாரி நிண்டு சொல்றதுதான் விலை. குடுக்காட்டி ஒன்பது மணிக்குள்ள நாறிரும். கோயில் திருவிழா வந்தா அந்தக் கிழமை முழுக்க அப்பிடித்தான். ஆனா ஞாயித்துக்கிழமை டவுணில அதே இறால் என்ன விலைக்குப் போகுது எண்டு எனக்குத் தெரியும்."

"அதுக்கு என்ன செய்யலாம் அக்கா?"

"குளிரில வச்சிரிந்து குடுக்கலாம். சும்மா குடுக்காம கோது உரிச்சி, நரம்பெடுத்து, கழுவிப் பக்கெட்டுல போட்டுக் குடுக்கலாம். வேலைக்குப் போற பொம்புளையளுக்கு உரிக்க நேரம் எங்க இரிக்கு? நீங்க சொல்லுங்க மிஸ், நீங்க இறால் வாங்குறீங்களா?"

நான் வாங்குவதில்லை. உரிக்கச் சோம்பல்பட்டு இறாலை விட்டுப் பல மாதமாகியிருந்தது. மண்டபத்தில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. அத்தனை வருட வேலையில் அந்த மஞ்சள் அட்டையில் ஒரு யோசனை எழுதப்பட்டிருந்ததை அன்றுதான் கண்டேன். பாலத்தில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது. என்னால்தான் அந்த யோசனை பிறந்தது போல ஒரு பெருமைகூட.

அடுத்த நாள் அலுவலகத்தில் என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கவனமாகக் கேட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்து, கொடுக்க அனுமதி உள்ள பொருட்களின் பட்டியலைப் பார்த்தார்.

"பிரீசர் இதில இல்லை."

"சேர்க்க ஏலாதா சேர்?"

"இந்தத் திட்டத்துக்கு இந்தப் பட்டியல்தான் எண்டு முடிவாயிற்று. இனி மாத்த ஏலாது. தையல் மெசின் தரலாம். இல்லாட்டிக் கோழிக்குஞ்சு. அவவிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்க."

கேட்டேன். அக்கா கோபப்படவில்லை. "எனக்குத் தைக்கத் தெரியாது மிஸ். தெரிஞ்சாலும் எங்கட றோட்டில மெசின் இல்லாத வீடு இல்ல. ஆருக்குத் தைக்கிற?" என்றார். அலுவலகப் படிவத்தில் அவர் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு எழுதவேண்டியிருந்தது. அங்கே இருந்த தெரிவுகளில் பொருந்தக்கூடியது 'விருப்பமில்லை' என்பதுதான். நான்தான் அதில் அடையாளம் இட்டேன்.

ஆனாலும் என்னால் விட முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடிய நேரத்தோடு போய் அவர்கள் கரையில் நின்றேன். அவருடைய கணவர் தோணியிலிருந்து இறங்கினார். உயரமான, பேச்சுக் குறைந்த மனிதர். வீச்சுவலையும் கூடையுமாக வந்து மனைவியின் முன்னால் கூடையை வைத்துவிட்டு ஒதுங்கிப்போய்க் கால் கழுவினார். விற்பதெல்லாம் அக்காவின் பாடு. கூடைக்குள் இறால் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. ஏவாரி மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றபடியே விலை சொன்னான்.

"போன கிழமையவிடக் குறைவா இரிக்கே," என்றார் அக்கா.

"வெள்ளிக்கிழமை தானே. எனக்கும் ஐஸ் சும்மாவா தாறாங்க? வேணாமெண்டா நீங்க வச்சிரிங்க."

அவன் ஏளனமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான். அக்கா கூடையைத் தராசுக்குத் தூக்கிக் கொடுத்தார். அதன்பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல.

மூன்றாம் நாள் பயிற்சிக்கென்று நான் ஒரு தாள் வைத்திருந்தேன். அதில் நிதி பெறும் வழிகள் நான்கு. மானியம், மாதர் சங்கக் கடன், வங்கிக் கடன், நிதி நிறுவனக் கடன். மானியம் போய்விட்டது. மாதர் சங்கத்தில் கடன் எடுத்தால் ஐஸ் பெட்டியின் மூடிதான் வாங்கலாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். மிச்சம் வங்கி. நானும் கூட வருகிறேன் என்று சொல்லி, டவுணில் உள்ள ஒரு வங்கிக்கு அவரை அழைத்துப்போனேன்.

அவர் நல்ல சீலை உடுத்து, அடையாள அட்டை, வீட்டுக் கடதாசி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். கடன் பிரிவில் இருந்தவ என் வயதுள்ள ஒரு பெண். முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்ல ஐடியா அக்கா, தொடங்கினா முதல் பக்கெட் எனக்குத்தான்," என்றா. அதைக் கேட்டு அக்காவின் முகம் மலர்ந்தது. அதன்பிறகு கடதாசிகளைப் பார்க்கத் தொடங்கினா.

வீடு அக்காவின் பெயரில்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடுதான் போகும். அவருக்குத் தாய் கொடுத்த சீதனம் அது. ஆனால் காணி அரசாங்கம் கொடுத்த பேமிட் காணி. அதை ஈடு வைக்க முடியாது. அப்படியென்றால் அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்கவேண்டும்.

"ரெண்டு பேரா?" என்று கேட்டார் அக்கா.

"ஓம் அக்கா. நிரந்தர நியமனம் உள்ள ரெண்டு பேர். அதுதான் இஞ்ச ரூல்ஸ்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவர்கள் கிராமத்தில் அரச வேலையில் இருந்தவர் ஒரேயொரு ஆசிரியர். அவர் தன் மச்சானுக்கு ஏற்கனவே பிணை நின்றுவிட்டார். அவருக்கு அடுத்த மனிதரைத் தேடி அக்கா யோசித்துக்கொண்டிருந்தார் என்றுதான் நான் நினைத்தேன். றோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"மிஸ், உங்கட சேரும் படிப்பிக்கிறார் என்ன?"

"ஓம் அக்கா."

சேர் என்று அவர் சொன்னது என் கணவரை. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், இவரைக் கேட்டுப் பார்க்கிறேன், மற்ற ஆளைப் பிறகு தேடுவோம் என்று.

அன்று பின்னேரம் என் கணவர் முன்கூடத்தில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு விசயத்தைச் சொன்னேன். இறால் கணக்கு, வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சொன்னேன். பயிற்சியில் பேசுவது போல நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் பேனையை மூடி வைத்தார். திருமணத்துக்கு முன் ஒரு நண்பனுக்குப் பிணை நின்று, அவன் நாட்டை விட்டே போய்விட, அந்தக் கடன் இவருடைய சம்பளத்தில் வருடக்கணக்காக வெட்டுப்பட்டது எனக்குத் தெரியும். அதை அவர் எடுத்துச் சொல்லவில்லை.

"அந்தப் பொம்புளைய உனக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"மூண்டு மாசம்."

"நீ ஒப்பம் வைப்பியா?"

"நான் அரசாங்க வேலை இல்லையே. புறோஜெக்ட் வேலைய ஆர் மதிப்பான்?"

"இரிந்தா வைப்பியா எண்டுதான் கேக்கிறன்."

நான் தேநீர்க் கோப்பையைக் கொப்பிகளிலிருந்து தள்ளி வைத்தேன். துணிந்தவளுக்குத்தான் தொழில் என்று அந்த வாரம்கூட ஒரு மண்டபத்தில் நின்று சொல்லியிருந்தேன். என் கணவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. "அதுதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தார். குசினிக்குள் போய், கழுவிய பாத்திரங்களை இன்னொரு தரம் கழுவினேன்.

அக்காவிடம் பொய் சொன்னேன். இவர் வேறொருவருக்குப் பிணை நிற்பதால் இப்போது முடியாதாம் என்றேன். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். "நான் கேட்டதே பிழை மிஸ். மனசில வச்சிராதீங்க," என்றார். பொய் சொன்ன என்னிடம் அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

அதன்பிறகு என் தாளில் மிஞ்சியது நான்காவது வழி. நிதி நிறுவனக்காரர்கள் யாரையும் டவுணுக்கு அலையவிடுவதில்லை. கிராமத்துக்கே வருவார்கள். காணிக் கடதாசி வேண்டாம், அரச உத்தியோகத்தர் வேண்டாம். ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். கிழமைக்கு ஒருநாள் வந்து தவணையை வாங்கிப்போவார்கள். அந்த வட்டி எப்படிப்பட்டது, ஒரு கிழமை தவறினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வேறு கிராமங்களில் பார்த்திருக்கிறேன். என் தாளில் அந்த வழிக்குக் கீழே 'வட்டி வீதத்தை நன்கு விசாரித்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி இருந்தது. அக்கா வந்து கேட்டபோது, வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்ல, அதற்குப் பதிலாகக் கையில் ஒன்று இருக்கவேண்டுமே. "யோசிச்சிச் செய்ங்க அக்கா," என்றேன்.

அவர் தன் மச்சாளையும் அயலில் மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டு கடன் எடுத்தார். நீட்டுப் பெட்டி போன்ற ஒரு வெள்ளைப் பிரீசர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியது. வீட்டில் அதை வைக்க இடமில்லாமல், முன்னறைக் கட்டிலை வெளிவிறாந்தைக்கு எடுத்துப் போட்டார்கள்.

அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவரிடம் பிழையில்லை. வியாழன், வெள்ளிப் பிடிபாட்டைக் கரையிலேயே அயலவர்களிடமும் வாங்கினார். ஏவாரி கொடுத்ததைவிடக் கூடக் கொடுத்து வாங்கினார். மச்சாளும் இன்னொரு பெண்ணும் கூட இருந்து உரித்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டியோடு பஸ் ஏறி, நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் அலுவலகத்தில் எடுத்த ஓடர்களை அங்கே பிரித்து வைப்போம். வங்கியில் இருந்த அந்தப் பெண்ணும் வாங்கினா. காத்தான்குடியில் கலியாண வீடுகளுக்குப் புரியாணி ஆக்கிக் கொடுக்கும் ஒரு தாத்தா, முஸ்லிம் அக்காமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், நிரந்தரமாக எடுக்கத் தொடங்கினா. "நரம்பெடுக்கிற கரச்சல நீங்க எடுத்திட்டீங்க, எனக்கு இனி இறால் ஓடருக்குப் பயமில்ல," என்று அவ சொன்னதை அக்கா என்னிடம் இரண்டு தரம் சொன்னார். அந்த மாதங்களில் ஒரு தவணையும் தவறவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் அலுவலகம் ஒரு சிறு புத்தகம் அச்சடிக்க நினைத்தது. பயிற்சி பெற்று முன்னேறிய பெண்களின் கதைகள். நாங்கள் அவருக்கு ஒரு சதம்கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் பயிற்சிக்கு வந்தவர்தானே என்று மேலதிகாரி சொன்னார். நான் போய்ப் படம் எடுத்தேன். பிரீசரின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னேன். உள்ளே இருந்து வந்த குளிர்ப் புகையில் அவருக்குச் சிரிப்பு உண்மையாகவே வந்தது.

புத்தகம் அச்சாகி வந்த மாதத்தில்தான் டொலர் இல்லாமல் நாடு நின்றுபோனது. பெற்றோலுக்கு வரிசை. காஸுக்கு வரிசை. மின்வெட்டு முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு மூன்று, அதன்பிறகு பகலில் பாதிக்கு மேல். மூடியைத் திறக்காமல் இருந்தால் பிரீசர் சில மணித்தியாலம் தாங்கும். அக்கா சாக்குகளால் அதைச் சுற்றினார். வயல்பக்கம் போய் உமி கொண்டுவந்து, சாக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் அடைத்தார். ஐஸ் வாங்கப் பார்த்தார். ஐஸ் போடுகிறவர்களுக்கும் கரண்ட் இல்லை, டீசல் இல்லை. இருப்பதையாவது டவுணுக்குக் கொண்டுவந்து கிடைத்த விலைக்கு விற்கலாமென்றால் பஸ் ஓடவில்லை. என் ஸ்கூட்டி வீட்டுக்குள் காய்ந்துபோய் நின்றது. கலியாண வீடுகள் தள்ளிப்போனதால் காத்தான்குடித் தாத்தாவும் ஓடரை நிறுத்திவிட்டா. காஸ் வரிசையில் நின்றவர்களுக்கு இறால் என்னத்துக்கு?

ஒருநாள் காலையில் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"எல்லாம் போயிற்று மிஸ்."

"எவ்வளவு அக்கா?"

"எல்லாம். நேத்து முழுக்கத் திறக்காமத்தான் இரிந்த. மறுகா மணம் வந்திற்று. ஒள்ளம்போலத் திறந்து பாத்தன். திறந்தா என்ன, திறக்காட்டி என்ன."

"இவ்வளவு நாளும் எனக்கு ஏன் சொல்லல்ல அக்கா?" என்று கேட்டேன்.

"சொன்னா கரண்ட் வருமா மிஸ்?" என்றார். கோபமாக அல்ல.

கணவனும் மனைவியுமாக வளவின் மூலையில் கிடங்கு வெட்டி, உரித்துச் சுத்தம் செய்து பக்கெட் போட்ட இறாலைக் கொட்டி மூடினார்கள் என்று மச்சாள் பிறகு சொன்னா. நாய்கள் கிண்டுமென்று மேலே கல் வைத்தார்களாம். இரண்டு மூன்று நாள் அக்கா முன்னறைக்குள் போகவேயில்லையாம்.

பெற்றோல் கிடைத்த முதல் நாளே நான் போனேன். வளவுக்குள் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு இளந்தாரி உட்கார்ந்திருந்தான். நிதி நிறுவனத்திலிருந்து தவணைக்கு வந்தவன். மடிப்புக் கலையாத சேர்ட், மடியில் ஒரு கோப்பு. தவணை கிடைக்கும் வரை எழும்பக்கூடாது என்பது அவனுக்குச் சொல்லப்பட்ட வேலை. யாரையும் ஏசவில்லை. அவன் பாட்டில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழுவில் இருந்த நான்கு பெண்களும் வேலிப்பக்கம் நின்றார்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டவேண்டும். அவர்கள் வீட்டிலும் அந்த மாதம் சோறு ஒரு நேரம்தான்.

என்னைக் கண்டதும் மச்சாள் முன்னால் வந்தா.

"நீங்கதானே மிஸ் தொழில் செய்யச் சொன்ன. இப்ப அஞ்சு பேரையும் ஒரு கயித்தில கட்டிப் போட்டிரிக்கு. இனி நாங்க ஆரப் பாத்து ஏசுற? இவவ ஏசினா இவ சாகப்போறா. உங்கள ஏசலாம் எண்டா நீங்க படிச்சாக்கள்."

"விடு மச்சாள்," என்றார் அக்கா. "மிஸ் என்ன செய்யிற."

என் கைப்பையில் இருந்ததை எடுத்து அந்த இளந்தாரியிடம் கொடுத்தேன். ஒரு தவணைக்குக்கூடக் காணாது. அவன் பற்றுச்சீட்டு எழுதினான். எழுதி முடியும் வரை யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நான் கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அந்தச் சில நிமிடங்களில் தோன்றியது. அந்தக் காசு அவருக்கு உதவவில்லை. நான் அங்கிருந்து எழும்பி வருவதற்குத்தான் உதவியது.

அலுவலகத்தில் அவசர உதவி என்று அரிசி, பருப்பு, மா கொண்ட பொதிகள் கொடுத்தார்கள். அதே பல்நோக்கு மண்டபத்தில், நான் மேசையில் இருந்து பெயர்களை அடையாளமிட்டேன். வரிசையில் அக்கா வந்தார். மெலிந்திருந்தார். என்னோடு தனியாகப் பேசப் பார்க்கவில்லை. பின்னால் நின்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற கவனத்தோடு, "எந்த இடத்தில ஒப்பம் வைக்கிற மிஸ்?" என்று மட்டும் கேட்டார். நான் விரலால் காட்டினேன். வைத்துவிட்டுப் பொதியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.

பிரீசரை, ஓட்டமாவடியிலிருந்து லொறியோடு வந்து பழைய மின்சாரச் சாமான் வாங்குகிறவர் எடுத்துப்போனார். எல்லோரும் விற்ற காலம் அது, வாங்க ஆளில்லை. அதற்குக் கிடைத்தது சில தவணைக்குத்தான் போதுமானதாக இருந்தது. கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியபோது அவரிடம் பிரீசர் இல்லை, கடன் மட்டும் இருந்தது. கடனைச் சில மாதம் தள்ளி எடுத்திருந்தால் போதும். யாராவது இரண்டு பேர் ஒப்பம் வைத்திருந்தால் போதும். வங்கிக் கடனென்றால் அந்த வருடம் தவணையைப் பின்போட்டுக் கொடுத்தார்கள். அவர் இப்போதும் சனிக்கிழமை பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார்.

ஒருநாள் முன்னறிவித்தல் இல்லாமல் நாவற்குடாவுக்கு வந்தார். பெட்டி இல்லாமல் அவரை எங்கள் வாசலில் காண்பது எனக்குப் புதிதாக இருந்தது. கையில் ஒரு படிவம். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு. பள்ளிக்கூடம் போகும் மகளைத் தன் தங்கச்சி வீட்டில் விடுவதாகவும், முகவர் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பச் சொன்னதாகவும் சொன்னார்.

மேசையில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். முழுப்பெயர், பிறந்த திகதி, உயரம், சமயம். அடுத்தது தொழில்.

"தற்போதைய தொழில் எண்டு கேட்டிரிக்கு அக்கா."

"ஒண்டுமில்ல எண்டு எழுதுங்க."

"முந்திச் செய்ததும் எழுதலாம். கடலுணவு பதப்படுத்தல் எண்டு போடுவமா? சுயதொழில் எண்டு…"

அவர் என்னைப் பார்த்தார். முதல்தடவையாக அவர் முகத்தில் என்மேல் ஒரு சலிப்பைக் கண்டேன்.

"மிஸ், அவங்களுக்கு வீடு கூட்டுற ஆள்தான் வேணும். வேற எதையும் எழுதிக் குழப்பிப்போடாதீங்க."

ஒன்றுமில்லை என்று எழுதினேன். என் கணவர் உள்ளேயிருந்து வந்து, சுகமா அக்கா என்று கேட்டார். சுகம் சேர் என்று எழும்பி நின்று பதில் சொன்னார். அக்கா போனபிறகு என் கணவர் கொப்பிகளோடு உட்கார்ந்தார். அந்தப் பிணையைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை.

நான் வேலையை விடவில்லை. விட்டுவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக்கும் என் சம்பளம் தேவை. அந்தத் திட்டம் முடிந்து இன்னொன்று வந்தது, அதற்கு வேறொரு பட்டியல். நான்காவது வழியை மட்டும் தாளிலிருந்து வெட்டினேன். மூன்று வழிகள்தான் இருக்கின்றன என்று இப்போது சொல்கிறேன். அந்த மூன்றும் யாருக்குத் திறக்கும் என்பதைச் சொல்வதில்லை. மஞ்சள் அட்டையில் யாராவது வித்தியாசமாக ஒன்றை எழுதிவிட்டால் எனக்குப் பயம் வருகிறது. ஒருமுறை ஒரு பெண், தாமரைக் கிழங்கு சீவிக் காயவைத்து விற்கலாம் என்று எழுதியிருந்தா. நல்ல யோசனை. நான் அதை வாசிக்காமல் கட்டின் அடியில் வைத்துவிட்டு, கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசினேன்.

போன அறுவடைக் காலத்தில் அக்காவின் கணவரைக் கண்டேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வட்டையில், அதாவது பெரிய வயல்வெளியில், நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். தோணியை விற்றுவிட்டாராம். என்னைக் கண்டதும் தோளில் இருந்த மூட்டையை லொறியில் போட்டுவிட்டு, துவாயால் முகம் துடைத்துக்கொண்டு றோட்டுக்கு வந்தார். அவராக வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"அக்கா எப்படி?" என்று கேட்டேன்.

"சுகம் மிஸ். கடனெல்லாம் முடிஞ்சிது."

"அப்ப வரப்போறாவா?"

"இல்ல. இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஒப்பம் வச்சிற்றா."

"ஏன்? கடன்தான் முடிஞ்சிதே."

அவர் துவாயை மடித்துத் தோளில் போட்டார். "நானும் அதைத்தான் கேட்ட. வந்து என்ன செய்யிற எண்டு கேக்கிறா." பிறகு, உண்மையாகவே எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு கேட்டார். "நீங்க சொல்லுங்க மிஸ். வந்தா என்ன தொழில் செய்யலாம்?"

மண்டபத்தில் பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். பதினைந்து நிமிடம் ஏற்கனவே பிந்திவிட்டது.

"யோசிச்சுச் சொல்றன் அண்ணன்," என்றேன்.

"ஓம் மிஸ்," என்று சொல்லிவிட்டு, லொறிக்காரன் கூப்பிடவும் அவர் திரும்பிப் போனார். அவருடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது. இன்னும் நான் அழைக்கவில்லை.